பதினேழாவது கட்டம்

கேள்வித்தாளில் பதினேழாவது கட்டம்:
கடந்த ஐந்தாண்டில் வன்முறைச் சம்பவங்கள், எண்ணிக்கையில்.
சிறுமருதவயலுக்கு நான் பூஜ்ஜியம் போட்டேன்.
காவல் நிலையப் பதிவேடும் அதைத்தான் சொன்னது.
போடும்போது பேனா தயங்கவில்லை
என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கானாடுகாத்தானில் ஹோட்டலாகிவிட்ட ஒரு வீட்டின்
இரண்டாங்கட்டில் பயிலரங்கு.
தேக்குத் தூண்களுக்கு நடுவே திரை கட்டி
இங்ரிட் அம்மையார் இரண்டு அமைதிகளைக் காட்டினார்.
ஒன்று, அடிதடி இல்லாதிருப்பது.
மற்றது, இருக்கவேண்டியவை இருப்பது:
நீதி, பங்கு, பயப்படாமல் போகக்கூடிய தண்ணீர்க்குழாய்.
குழாயைச் சேர்த்தது நான்,
மொழிபெயர்ப்பவனின் திருட்டு உரிமையில்.
ஒருவரும் கவனிக்கவில்லை.
மதியம் பணியாரம் வந்தது.

ராத்திரி காரைக்குடி பழைய பஸ் ஸ்டாண்டை ஒட்டிய லாட்ஜில்
காலைக்குள் ஒரு சொல் முடிவாக வேண்டும்.
சாந்தி என்றால்
கீழே முகூர்த்தம் எப்போது என்று சிரிப்பார்கள்.
சமாதானம், அழுகிற பிள்ளைக்கு மிட்டாய் கொடுத்துச் செய்வது;
அழுகையின் காரணம் அப்படியே இருக்கும்.
நிம்மதி நல்ல சொல்தான்,
ஆனால் கடன் அடைந்த அன்றைக்கு
ஒரே ஓர் ஆளுக்கு வருவது,
இரண்டு அரசுகள் அதில் கையெழுத்துப் போட முடியாது.
மிஞ்சியது அமைதி.
வாத்தியார் மேசையைத் தட்டிக் கேட்பதும் இதைத்தான்.
தடையுத்தரவு போட்ட மறுநாள்
பேப்பர்காரன் எழுதுவதும் இதைத்தான்:
'அமைதி திரும்பியது.'
எங்கே போயிருந்தது, எந்த பஸ்ஸில் வந்து இறங்கியது?

ஐந்து வருஷத்துக்கு முன்னால் தேவகோட்டைத் தாலுகா ஆபீசில்
ஒரு கூட்டம். அதன் பெயரே அமைதிக் கூட்டம்.
புரவி எடுப்பில் ஒரு குதிரைக்கு
நாங்களும் தோள் கொடுக்கிறோம் என்றது கீழ்ப்புறம்.
மேல்புறம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.
வட்டாட்சியர் டீ வரவழைத்தார்.
டீ ஆறியது.
மறு உத்தரவு வரும்வரை எடுப்பு இல்லை
என்று இரு தரப்பும் கையெழுத்து.
சூளையிலிருந்து வந்த இரண்டு குதிரைகளும்
ஆபீசுக்குப் பின்னால், பிடிபட்ட மணல் லாரிகளின் நடுவே
இன்னும் நிற்கின்றன.
ஒன்றின் கழுத்தில் கோப்பு எண்.
நான் பூஜ்ஜியம் போட்டது இந்த ஐந்து வருஷத்துக்கு.

கேள்வி இருபத்துமூன்று:
உங்கள் ஊர் எவ்வளவு அமைதியாக இருக்கிறது,
ஒன்றிலிருந்து ஐந்துக்குள்?
நூறு நாள் வேலையில், கண்மாய்க்கரையில்,
மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அடைக்கி யோசித்தார்.
'யாரும் சண்டைக்கு வரல சார்.
யாரும் பேசவும் வரல.
இதுக்கு எத்தன மார்க்கு?'
படிவத்தில் 'பிற' என்று ஒரு கோடு உண்டு,
மூன்று விரல் அகலம்.
அதில் அவர் சொன்னதை எழுதப் பார்த்தேன்.
'பேசவும்' வரைக்கும்தான் இடம் இருந்தது.

தூக்கம் வராமல் அகராதியைப் புரட்டினால்
அமை என்றால் மூங்கில் என்றும் போட்டிருக்கிறது.
குதிரையை மூங்கிலில் கட்டித்தான் தூக்குவார்கள்.
முன்னால் இரண்டு தோள், பின்னால் இரண்டு தோள்,
உயரம் ஒத்துவராவிட்டால் குட்டையானவன் தோளில்
துண்டை மடித்து வைப்பார்கள்.
இதை வரையறையில் எங்கே வைப்பது?
அமைச்சகத்துக்குப் போகும் அறிக்கையில்
துண்டுக்கு அடிக்குறிப்பு உண்டா?

பதினேழாவது கட்டத்துக்குத் திரும்பிப் போய்
பூஜ்ஜியத்தை அழித்துவிட்டு 'தெரியவில்லை' என்று அடித்தேன்.
கட்டம் சிவந்தது. எண்கள் மட்டும், என்றது.

விடியுமுன் இங்ரிட் அம்மையாருக்கு எழுதினேன்:
குதிரைகளுக்கு ஒரு கட்டம் தேவைப்படுகிறது.
நல்ல மனுஷி, உடனே பதில் போட்டார்:
எத்தனை குதிரைகள்?

இரண்டு, என்றேன்.
ஒன்றுக்கு ஒரு காது உடைந்திருக்கிறது.